யாருடைய கால் நடுங்கியது?

அன்புவழிபுரம் சிவாஜினி காரில் ஏறியதும் செய்கிற முதல் வேலை, செருப்பைக் கழற்றிக் கதவடியில் ஒதுக்கிவிட்டு வெறுங்காலை இரண்டாவது பிரேக்கின்மேல் வைப்பது. கார் ஓடப் பழக்குகிற வண்டிக்கு இரண்டு பிரேக் மிதிகள். வலப்பக்கம் பழகுகிறவருக்கு ஒன்று, இடப்பக்கம் பழக்குகிறவருக்கு ஒன்று. இரண்டையும் கீழே ஓர் இரும்புக் கம்பி இணைத்திருக்கும். அந்தப் பக்கம் மிதித்தால் இந்தப் பக்கத்து மிதியும் கூடவே இறங்கும். ஊரில் மற்றப் பயிற்றுநர்கள் அதை ஆபத்துக்கென்று வைத்திருந்தார்கள். சிவாஜினி ஆளை அறிவதற்கென்று வைத்திருந்தாள்.

பதினொரு வருடங்களில் எத்தனையோ கால்கள் அந்தக் கம்பி வழியாக அவளுக்குத் தங்கள் கதையைச் சொல்லியிருந்தன. காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர் பிரேக்கை உதைப்பார். கலியாணம் பேசி முடிந்த பிள்ளை மிதிக்கவே மறந்துபோவாள். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் முத்திரை குத்துவதுபோலக் குத்திக் குத்தி மிதித்தார்.

"எனக்கு முகத்தைப் பாக்கத் தேவையில்லை. காலைத் தந்தாக் காணும்," என்பாள் சிவாஜினி.

"அப்பிடிக் காலைப் பாத்துத்தான் என்னையும் கட்டினவ," என்பான் கணவன் சசிகரன். "முகத்தைப் பாத்திருந்தா ஓம் எண்டு சொல்லியிருக்க மாட்டா."

இன்னொருவரின் உள்ளே நடப்பதை நாம் எப்படி அறிகிறோம் என்பது பழைய கேள்வி. அதிகம் படித்தவர்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து களைத்திருக்கிறார்கள். சிவாஜினி அதற்கான விடை ஒரு முழ நீளக் கம்பியில் இருக்கிறது என்று நினைத்தாள். நினைத்தது பாதி சரி. அந்தப் பாதிதான் அவளை ஏமாற்றியது.

அவள் நல்ல ஆசிரியை என்று சொல்லத்தான் வேண்டும். அதற்கு முன் அவளுடைய குறைகள் இரண்டைச் சொல்லிவிடுவது நியாயம்.

ஒன்று, தண்ணீர். அவளுடைய வெள்ளைக் கொரோலாவுக்கு இருபத்தெட்டு வயது. கடற்காற்று இராமுழுக்க வீசி, விடியும்போது சில்லுகளுக்கு உள்ளே இருக்கிற பிரேக் டிஸ்குகள் செம்மஞ்சளாகத் துருவேறிக் கறள் பூத்து நிற்கும். டிஸ்க் என்பது சில்லோடு சேர்ந்து சுழலும் ஓர் இரும்புத் தட்டு. பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமும் இருக்கிற பேட்கள் அந்தத் தட்டைக் கவ்விப் பிடிக்கும். இரவுக் கறள் நாலு மிதியில் கழன்று தட்டுப் பளபளத்துவிடும். கடலோரத்தில் கார் வைத்திருப்பவர்கள் யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. சிவாஜினி பெரிதுபடுத்தினாள். உவர்மலை ஏற்றத்திலும் இறக்கத்திலும் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த கையோடு, கிணற்றுத் தண்ணீரை அள்ளி முன் சில்லுகளுக்குள் வீசுவாள். 'சொய்' என்று ஆவி எழும்பும். உப்புப் போனது என்று மனம் குளிரும்.

மற்றது, பெருமை. தான் ஓடும்போது அவள் பிரேக்கைத் தொடுவதே குறைவு. சந்தி வருமுன் காலை எடுத்து, கியரைக் குறைத்து, கார் தானாகத் தளர்ந்து வருமாறு பார்த்துக்கொள்வாள். மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இருந்து வீடு வரைக்கும் ஒரே ஒரு மிதியோடு வந்து சேர்ந்த நாட்கள் உண்டு. "பிரேக் மிதிக்கிறது முன்னுக்குப் பாக்காத ஆக்களின்ர வேலை," என்பாள். இப்படி ஓடுகிறவருக்குத் தன் காரின் பிரேக் எப்படி இருக்கிறது என்று தெரிய வழியில்லை என்பது அவளுக்குத் தோன்றியதே இல்லை.

இந்த நிலையில்தான் கிண்ணியாவில் இருந்து லைலா டீச்சர் பழக வந்தாள்.

லைலாவுக்கு முப்பத்தாறு வயது. கணிதம் படிப்பிப்பவள். கணவன் றிகாஸ் கத்தாரில் வேலை. அவன் விட்டுப்போன கார் வீட்டு முற்றத்தில் உறை போர்த்திக் கிடந்தது. அடுத்த மாதம் ஒன்றாம் திகதியில் இருந்து லைலாவுக்கு வெருகல் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு இடமாற்றம். காலை பஸ் அங்கே போய்ச் சேரும்போது முதலாம் பாடம் முடிந்துவிடும். பின்னேர பஸ்ஸை நம்பினால் வீடு வரப் பொழுது பட்டுவிடும். கார் ஓடினால் ஒன்றேகால் மணித்தியாலம், நாளாந்தம் போய் வரலாம். ஓடாவிட்டால் வெருகலில் நல்லம்மா என்ற அம்மாவின் வீட்டில் ஓர் அறை பேசி வைத்திருந்தாள். அங்கே தங்கிக்கொண்டு, எட்டு வயதிலும் பத்து வயதிலும் இருக்கிற தன் பிள்ளைகள் இரண்டையும் சனி ஞாயிறு மட்டும் வந்து பார்க்க வேண்டும். ஓட்டப் பரீட்சை, ஊரில் சொல்கிற ட்ரையல், புதன்கிழமை என்று திகதி குறித்தாயிற்று. தவறவிட்டால் அடுத்த திகதிக்கு மூன்று நாலு மாதமாகும்.

மைதானத்தில் லைலா ஒழுங்காக ஓடினாள். ரிவர்ஸ் எடுப்பதைக் கேத்திரகணிதக் கணக்கு மாதிரி யோசித்துச் செய்தாள். தெருவுக்கு ஏறிய பிறகுதான் சிக்கல் தொடங்கியது. ஐம்பதில் போய்க்கொண்டிருக்கும்போது பிரேக்கை மிதித்தால், சிவாஜினியின் உள்ளங்காலடியில் மிதி துடித்தது. குருவிக்குஞ்சைக் கைக்குள் பொத்திப் பிடித்தால் துடிக்குமே, அப்படி.

"டீச்சர், கால் நடுங்குது."

"இல்லியே மிஸ்."

"எனக்குத் தெரியுது. பயப்பிடாதேங்கோ. மூச்சை இழுத்து விட்டுட்டு மிதியுங்கோ."

லைலா மூச்சை இழுத்து விட்டாள். மிதித்தாள். துடித்தது.

"பிஸ்மி சொல்லி மிதியுங்கோ."

"சொல்லித்தான் மிதிக்கன் மிஸ்."

"அப்ப கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கோ."

சத்தமாகச் சொல்லியும் துடித்தது. அந்த நாட்களில் சிவாஜினியிடம் பழகிய மற்றவர்கள் எல்லோரும் மைதானத்துக்குள்ளும் உவர்மலையிலும் முதலாம் கியரில் ஊர்கிறவர்கள். அந்த வேகத்தில் எந்த மிதியும் துடிக்காது. ஆகவே நடுங்குகிற கால் ஒன்றே ஒன்றுதான் என்பதில் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. சொல்லச் சொல்ல லைலாவுக்கும் தன் காலடியில் நடுக்கம் தெரியத் தொடங்கியது. அது இருக்கத்தான் செய்தது. எங்கிருந்து வருகிறது என்று தேட அவளுக்குக் காரணம் இருக்கவில்லை. ஆசிரியை ஏற்கெனவே இடத்தைக் காட்டிக் கொடுத்துவிட்டாள்.

ட்ரையலுக்கு முந்திய சனிக்கிழமை, பாடம் முடிந்து கார் நின்றதும் சிவாஜினி தீர்ப்பைச் சொன்னாள்.

"டீச்சர், உள்ளதைச் சொல்லுறன், கோவிக்காதேங்கோ. இந்தமுறை போக வேண்டாம். அடுத்த திகதிக்குப் பாப்பம்."

"எனக்கு ஒண்டாந் திகதி பொறுப்பெடுக்கணுமே மிஸ்."

"தெரியும். எண்டாலும் வெருகல் றோட்டில மாடு குறுக்க வரும். நடுங்குற காலோட என்ன செய்வியள்?"

லைலா கொஞ்ச நேரம் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைக் கழற்றி சிவாஜினியின் கையில் வைத்தாள். "பதினொரு வருசமாக் கால் பாக்கிறவங்க நீங்க. உங்களுக்குத் தெரியாததா," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அந்தச் சொல்லில் குத்தல் எதுவும் இருக்கவில்லை. அவள் முழுமையாக நம்பிவிட்டாள். சிவாஜினிக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. ஆனாலும் சரியானதைத்தான் சொன்னேன் என்று கணவனிடம் இரண்டு தரம் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை நஸ்ரின் வந்தாள். புல்மோட்டைப் பிள்ளை, நகரத்தில் மாமி வீட்டில் தங்கிப் படிக்கிறவள். பத்து வயதிலேயே, நானா என்று அவள் அழைக்கிற தமையனுடைய மோட்டார் சைக்கிளைக் கடற்கரை மணலில் ஓடியவள். அவளுக்கு இருந்த ஒரே குறை, பயம் போதாது என்பது. அன்றுதான் அவளுக்கு முதல் தெருப் பாடம்.

மான்கள் ஊராடுகள்போலத் திரிகிற கோட்டைப் பக்கத்துத் தெருவில் வந்துகொண்டிருந்தபோது பெண்மான் ஒன்று வாயில் பொலிதீன் பையோடு நடைபாதையை விட்டு இறங்கியது. சந்தைக்குப் போகிற ஆளைப்போல, பக்கத்தில் என்ன வருகிறது என்று பார்க்காமலே குறுக்கே நடந்தது. நஸ்ரின் பிரேக்கை ஏறி மிதித்தாள். கார் நின்றது. நிற்பதற்கு முன்னால் சிவாஜினியின் காலடியில் அதே குருவிக்குஞ்சு துடித்தது.

"பயந்திட்டீங்கள்," என்றாள் சிவாஜினி.

"ஆரு, நானா? மானுக்கா?"

"வெக்கப்படாதேங்கோ. கால் நடுங்கினது எனக்குத் தெரியும்."

நஸ்ரின் கெக்கட்டமிட்டுச் சிரித்தாள். "மிஸ், என்ட கால் நடுங்கல்ல. உங்கட கார்தான் நடுங்குது! எங்கட நானாட வேனுக்கும் டிஸ்க் வளைஞ்சு கிடக்கக்குள்ள இப்பிடித்தான் செஞ்சது. காலுக்குள்ள டிக்கு டிக்கு எண்டு அடிக்கும்."

மான் அந்தப் பக்கம் போய் நின்று இருவரையும் திரும்பிப் பார்த்தது. பின்னால் ஆட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான்.

நஸ்ரினை இறக்கிவிட்டுச் சிவாஜினி தனியே நிலாவெளி வீதிக்குக் காரை விட்டாள். ஆளில்லாத நேர் வீதியில் பல வருடங்களாகச் செய்யாத ஒன்றைச் செய்தாள்: அறுபதுக்கு ஏற்றி, பிரேக்கை மிதித்தாள். துடித்தது. மறுபடி ஏற்றி மிதித்தாள். துடித்தது. ஐந்தாவது தரம் காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத் தன் பாதத்தைக் குனிந்து பார்த்தாள். அவளுக்கு எந்தப் பயமும் இருக்கவில்லை. குறுக்கே மாடும் வரவில்லை, மானும் வரவில்லை. நடுக்கம் மட்டும் இருந்தது.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சனிக்கிழமை சாவியைப் பார்த்துக்கொண்டிருந்த லைலாவின் முகம் நினைவுக்கு வந்தது. பதினொரு வருடத்தில் அன்றுதான் அவள் பழகுகிற ஒருவரின் முகத்தை நினைத்தாள் போலும். போன் எடுத்தாள். லைலா பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம். மணி அடித்து அடித்து நின்றது. காரைச் சீனக்குடாவுக்குத் திருப்பினாள்.

சீனக்குடாவில் றஊப் நானாவின் கராஜ் ஒரு பெரிய வாகை மரம்; அதற்குக் கீழே கொஞ்சம் தகரம். அவர் முன் சில்லைக் கழற்றினார். கட்டுக் கம்பித் துண்டொன்றைப் பக்கத்தில் அசையாமல் கட்டி, அதன் நுனியை டிஸ்கை ஒட்டி வளைத்துவைத்து, கையால் தட்டைச் சுழற்றினார். 'சீக்... சீக்... சீக்' என்று ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கம்பி உரசியது.

"கேளுங்க தங்கச்சி. ஒரு பக்கம் முட்டுது, மற்றப் பக்கம் விலகுது. தட்டு நேர் இல்ல. பிரேக் மிதிக்கக்குள்ள பேட் மேல ஏறி இறங்குது. அது குழாய்க்குள்ளால மிதிக்கு வருது, மிதியால காலுக்கு வருது."

"உப்பாலயோ நானா?"

"உப்பு மேலதான் கடிக்கும். இது சூடு பிடிச்சுக் கோணினது." றஊப் தட்டின்மேல் நீலம் பாரித்த இடங்களை விரலால் தொட்டுக் காட்டினார். "ஒண்டு கேக்கன். இதுக்குத் தண்ணி ஊத்துறீங்களா?"

"ஊத்தாமல்? ஒவ்வொரு நாளும்."

"எப்ப?"

"வீட்ட வந்த உடன."

"உவர்மலையில ஏத்தி இறக்கிட்டு, சுடச் சுட?"

"ஓம்."

றஊப் கையிலிருந்த நட்டுச் சாவியைக் கீழே வைத்தார். "காய்ஞ்ச தோசைக்கல்லில பச்சத் தண்ணிய வாத்தா என்ன நடக்கும்? அதத்தான் ரெண்டு சில்லுக்கும் வருசக்கணக்கா செஞ்சிரிக்கீங்க. கழுவாமக் கெட்ட காரு நான் ஆயிரம் கண்டிரிக்கன். கழுவிக் கெடுத்த ஆள் இந்த மாவட்டத்தில நீங்க ஒராள்தான்."

சிவாஜினி குனிந்து நீலம் பாரித்த இடத்தைத் தானும் தொட்டுப் பார்த்தாள். நடுக்கத்தைக் கண்டுபிடித்தவளும் அவள்தான், உண்டாக்கியவளும் அவள்தான், அதை இன்னொருத்தியின் காலில் கட்டிவிட்டவளும் அவள்தான்.

"லேத்தில குடுத்துச் சீவி நேராக்க ஏலாதோ?"

அவர் அளவு பார்த்தார். இதற்கு மேல் மெலியக் கூடாது என்கிற அளவு டிஸ்கின் விளிம்பிலேயே பொறித்திருந்தது. தட்டு அதைத் தாண்டி மெலிந்திருந்தது. "இனிச் சீவினா அப்பளம்தான். டிஸ்க் ரெண்டும் புதுசு போடணும். பேட் நாலும் புதுசு. ஒரு பக்கம் மட்டும் மாத்தினா கார் இழுக்கும்." கொழும்புக்குப் போன் போட்டார். பொருள் இரவு பஸ்ஸில் வரும், விடிய எடுக்கலாம் என்றார்கள்.

காரை அங்கேயே விட்டுவிட்டுச் சிவாஜினி கிண்ணியாவுக்கு பஸ் ஏறினாள். முன் இருக்கையில் இருந்தாள். கிண்ணியாப் பாலம் கடந்து முடியும்வரை ஒவ்வொரு வளைவுக்கும் அவள் வலது கால் பஸ்ஸின் தரையை அமுக்கிக்கொண்டே வந்தது.

லைலாவின் வீட்டு மண்டபத்தில் திறந்த சூட்கேஸ் ஒன்று கிடந்தது. உள்ளே மடித்த சாரிகள், ஒரு டோர்ச் லைட், பிள்ளைகளின் படம். அதைப் பார்த்ததும் சிவாஜினி பஸ்ஸில் யோசித்து வந்த முன்னுரையெல்லாம் மறந்துபோனாள்.

"டீச்சர், நடுங்கினது உங்கட கால் இல்லை. என்ர கார்."

"என்ன?"

சிவாஜினி மானில் தொடங்கித் தோசைக்கல் வரை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். லைலா கேட்டுக்கொண்டே பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

"மிஸ், நான் போன கிழமை சுகர் பாத்தன். பிரஷர் பாத்தன். உம்மா நரம்புக்கு நல்லம் எண்டு கருஞ்சீரகமும் தேனும் தாறா, விடிய வெறும் வயித்தில. வகுப்பில கணக்கு எழுதக்குள்ளயும் என்ட காலையே குனிஞ்சு குனிஞ்சு பாக்கன். பிள்ளைகள் நினைக்குது டீச்சர் புதுச் செருப்பு போட்டிரிக்கா எண்டு."

சிவாஜினிக்குச் சிரிப்பு முட்டியது. சிரிக்கலாமா என்று தெரியவில்லை. லைலாவே முதலில் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அவள் முகம் வகுப்பறைக்குப் போய்விட்டது.

"சரி. சனிக்கிழமை ஏலாது எண்டீங்க. இண்டைக்கு ஏலும் எண்டீங்க. ரெண்டையும் சொன்னது ஒரே ஆள்தான். நான் எத நம்புற?"

நல்ல கேள்வி. ஆசிரியர்களிடம் இதைக் கேட்கிற மாணவர்கள் குறைவு. பதில் வைத்திருக்கிற ஆசிரியர்கள் அதைவிடக் குறைவு.

"ரெண்டையும் நம்பாதேங்கோ. நாளைக்குப் புது டிஸ்க் போட்டதும், ஒரு முப்பது தரம் மெல்ல மெல்ல மிதிச்சு அதைப் பழக்கவேணும். ஆரோ ஒராள் மிதிக்கத்தானே வேணும். நீங்கள் வந்து மிதியுங்கோ. நடுங்கினா உங்கட கால்."

"நடுங்காட்டி?"

"மிச்சக் கருஞ்சீரகத்தை நான் சாப்பிடுறன்."

செவ்வாய் விடிய பஸ் நிலையத்தில் கொண்டக்டர் ஆசனத்துக்குக் கீழே இருந்து பெட்டியை இழுத்துக் கொடுத்தார். தேங்காய்ச் சாக்குப் பாரம். றஊப் நானா டிஸ்கைப் போடுமுன் அது போய் உட்காருகிற இடத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் சுரண்டிச் சுரண்டி வெள்ளையாக்கினார். "இதில ஒரு மணல் அளவு கறள் மிஞ்சினாலும் புதுத் தட்டும் ஆடும்," என்றார். தட்டுகளில் பூசியிருந்த எண்ணெயைப் பெற்றோல் துணியால் துடைத்தார். நட்டுகளை வரிசையாக இறுக்காமல் ஒன்றுக்கு எதிரே ஒன்றாகப் பார்த்து இறுக்கினார். வழக்கமாகப் பக்கத்தில் நின்று எல்லாவற்றுக்கும் யோசனை சொல்கிற சிவாஜினி அன்று கேட்டதை எடுத்துக் கொடுத்ததோடு நின்றுவிட்டாள்.

"முப்பது தரம். ஐம்பதில இருந்து பதினைஞ்சுக்குக் குறைங்க. முழுசா நிப்பாட்டி மிதிச்சுப் பிடிக்கப்படா, பேட்டின்ட அச்சு தட்டில விழுந்திரும். தண்ணி ஊத்துறதெண்டா அரை மணித்தியாலம் ஆற விடுங்க. அதுவரைக்கும் கை சும்மா இரிக்காட்டி தேத்தண்ணி ஊத்துங்க."

பள்ளிக்கூடம் விட்டு லைலா வந்தாள். நிலாவெளி தாண்டியதும் பாடம் தொடங்கியது. சிவாஜினி அன்று செருப்பைக் கழற்றவில்லை. காலை மடக்கி ஆசனத்துக்கு அடியில் வைத்துக்கொண்டாள். இது அவளுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு இருப்பதுபோல. பக்கத்தில் இருப்பவள் பயப்படுகிறாளா, துணிகிறாளா, எதுவும் தெரியவில்லை. முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. லைலா கணக்குச் செய்யும்போது கீழுதட்டைக் கடிப்பாள் என்பதை அன்றுதான் கண்டாள்.

"ஒண்டு," என்றாள் லைலா. "மிஸ், பிரேக் பிடிக்குதில்ல!"

"பிடிக்கும். ரெண்டும் இப்பதான் கண்டது. இன்னும் ஒண்டையொண்டு தெரியாது."

ஏழாவதில் பிடித்தது. பன்னிரண்டாவதில் சுட்ட ரப்பர் மணம்போல ஒன்று உள்ளே வந்தது. அது பேட் பழகுகிற மணம் என்றாள் சிவாஜினி. லைலா ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஓடினாள். பத்தொன்பதாவதற்கு வேகம் ஏற்றிக்கொண்டிருந்தபோது பனங்கூடலுக்குள் இருந்து எருமைகள் நாலைந்து வரிசையாக வீதியில் ஏறின. சிவாஜினியின் கால் தன்னை அறியாமல் மிதியைத் தேடிப் பாய்ந்தது. மடக்கி வைத்த காலின் செருப்பு ஆசனக் கம்பியில் மாட்டிக்கொண்டது. அதற்குள் கார் நின்றுவிட்டது. நேராக, சத்தமில்லாமல், முதல் எருமைக்கு ஒரு காரளவு தூரம் விட்டு.

"நடுங்கிச்சா மிஸ்?"

"எனக்கு எப்பிடித் தெரியும்? நான் கால் வைக்கேல்லை. உங்கட காலுக்கு என்ன தெரிஞ்சது?"

லைலா கீழுதட்டைக் கடித்தாள். "ஒண்டும் இல்ல," என்றாள் மெதுவாக. "சும்மா நேரா இறங்கிச்சு." பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாக, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல, "என்ட கால் நடுங்கல்ல."

"நல்லம். இப்ப ஹேண்ட் பிரேக்கைப் போட்டுட்டுக் காலை எடுங்கோ. மிதிச்சுப் பிடிச்சுக்கொண்டு நிண்டதை றஊப் நானா கண்டா ரெண்டு பேருக்கும் ஏசுவார்."

எருமைகள் அவசரப்படவில்லை. அவை கடந்து முடிந்ததும் லைலா விட்ட இடத்தில் இருந்து எண்ணத் தொடங்கினாள்.

புதன்கிழமை ட்ரையல். பரீட்சை எடுக்கிற உத்தியோகத்தர் சிவாஜினியின் ஆசனத்தில் ஏறி இருந்தார். காலில் தடித்த சப்பாத்துப் போட்டவர். கார் வெளியே போனதும் சிவாஜினி மற்றப் பயிற்றுநர்களோடு மதிலடியில் நின்றாள். கம்பியும் இல்லை, முகமும் இல்லை. தூரத்தில் போகிற காரின் பின் சிவப்பு வெளிச்சம் மட்டும். அது எரிந்து அணைவதை வைத்து ஒருவர் என்ன அறிய முடியும்?

"அதாரு, கிண்ணியா டீச்சரோ?" என்று கேட்டார் அன்ஸார், பக்கத்துப் பழக்குமிடத்துக்காரர். "கால் நடுங்குற ஆள் எண்டு நீங்கதானே சொன்னீங்க?"

சொல்லியிருந்தாள். இதே மதிலடியில், போன மாதம், நாலு பேருக்கு முன்னால். பேசாமல் விட்டிருக்கலாம். அவளுக்கு இருந்த பெயருக்கு அதுதான் வசதி.

"பிழையாச் சொன்னனான்," என்றாள் சிவாஜினி, நாலு பேருக்கும் கேட்கத்தக்கதாக. "அவவின்ர காலில ஒண்டுமில்லை. என்ர கார் டிஸ்க் கோணிப் போச்சு. சூட்டோட தண்ணி ஊத்தி நான்தான் கோணலாக்கினனான். கால் பாக்கத் தெரியும் எண்டு சொல்லிக்கொண்டு ரெண்டு மாசமா டிஸ்க்கைப் பாத்திருக்கிறன்."

மதிலடியே சிரிப்பில் அதிர்ந்தது. "அப்ப டிஸ்க்குக்கு லைசன்ஸ் எடுத்துக் குடுங்க!" என்றார் அன்ஸார். "கார் மூச்சு இழுத்து விட்டதா, அதையும் சொல்லுங்க!" என்றார் இன்னொருவர். சிவாஜினியும் சேர்ந்து சிரித்தாள். காது சுட்டது.

கார் திரும்பி வந்தது. உத்தியோகத்தர் இறங்கி, தாளில் எழுதி, "ரிவர்ஸ் கொஞ்சம் அகலமா எடுத்திட்டீங்க. பரவாயில்லை, பாஸ்," என்று சொல்லிவிட்டு அடுத்த காருக்கு நடந்தார். பிரேக்கைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒழுங்காக இருப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கிண்ணியாவுக்குத் திரும்பும்போது லைலாதான் ஓடினாள். சீனக்குடாவைத் தாண்டியதும் காரை ஓரத்தில் நிறுத்தி, போனை எடுத்து வெருகலுக்கு அடித்தாள். நல்லம்மாவின் குரல் போனுக்கு வெளியேயும் கேட்டது.

"நல்லம்மாக்கா, நான் லைலா. எனக்கு அறை வேணாம். ட்ரையல் பாஸ். நான் நாளாந்தம் வந்து போவன்."

"ஐயோ பிள்ளை! நான் உனக்கெண்டு சுவருக்கு நீலம் அடிச்செல்லோ வைச்சிருக்கிறன்!"

"என்ன செய்ற அக்கா... குறை நினைக்காதீங்க."

"குறை என்ன குறை. பெத்த பிள்ளையளோட இருக்கிறதைவிட நீலச் சுவர் பெரிசே? பள்ளிக்கூடம் விட்டுப் போகேக்க ஒருநாள் தேத்தண்ணிக்கு வா. சுவரைப் பாத்துக்கொண்டு குடிப்பம்."

லைலா போனை மடியில் வைத்தாள். இந்த இடத்தில் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று சிவாஜினிக்குத் தெரிந்தது. தேடினாள். பழக்கமில்லாததால் உடனே அகப்படவில்லை.

"டீச்சர், ஓரங்கட்டேக்க சிக்னல் போடேல்லை."

"ஓம் மிஸ். மறந்திட்டன்."

"மற்றதெல்லாம் சரி," என்றாள் சிவாஜினி. "எருமையிட்ட நிப்பாட்டினதும் சரி. அந்த இடத்தில நானெண்டாலும் அப்பிடித்தான் நிப்பாட்டியிருப்பன்."

லைலா திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தாள். மணி ஒன்று. ஒன்றரைக்குக் கிண்ணியாவில் பள்ளிக்கூடம் விடும். வாசலுக்குப் போய் நின்றால் பிள்ளைகள் இரண்டையும் தானே ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அவள் சிக்னலைப் போட்டாள், பின்னால் வந்த லொறியைப் போகவிட்டாள், பாலத்துப் பக்கம் காரை எடுத்தாள்.